தடை அல்ல, எச்சரிக்கை

"விடுதலை இறையியலை வத்திக்கான் 1984-லேயே தடை செய்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழைகளின் விடுதலையை மையமாக வைத்து லத்தீன் அமெரிக்காவில் எழுந்த கத்தோலிக்க இறையியல் அது. அதை வத்திக்கான் தடை செய்தது என்பது சரியில்லை. வத்திக்கானின் கோட்பாட்டுத் துறைத் தலைவராக இருந்த கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) அந்த ஆண்டு வெளியிட்ட ஆவணத்தின் தலைப்பிலேயே 'சில கூறுகள்' என்றுதான் இருக்கிறது. மார்க்சியப் பகுப்பாய்வை ஆராயாமல் அப்படியே எடுத்துக்கொள்வதைத்தான் அது கண்டித்தது. ஏழைகள் பக்கம் நிற்பவர்களைக் கைவிடுவதாக இந்த எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முன்னுரையிலேயே சொல்கிறது, தயவுசெய்து அந்தப் பகுதியையும் படியுங்கள். 1985-இல் பிரேசிலின் விடுதலை இறையியலாளர் லியோனார்டோ போஃபை வத்திக்கான் மௌனம் காக்கச் சொன்னது உண்மை. எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் அடுத்த ஆண்டே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பிரேசில் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், திருச்சபை மரபோடு ஒத்துப்போகும்வரை இந்த இறையியல் பயனுள்ளது, தேவையானது என்றார். அப்புறம், இந்த இறையியலின் முன்னோடியான பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியேரஸ் மீது கண்டனத் தீர்ப்பு எதுவும் வரவே இல்லை.