‘50,000 வீடு வந்தும் ஏன் வாடகை?’: பரவும் பதிவு தவறு

“இந்தியா யாழ்ப்பாணத்துக்கு 50,000 வீடு கட்டிக் கொடுத்தது. இன்னும் வாடகைக்கு இருப்பவர்கள் பொறுப்பில்லாதவர்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

போருக்குப் பின் இலங்கையில் இந்தியா நடத்திய வீட்டுத் திட்டத்தின் மொத்தக் கணக்குத்தான் 50,000; அது யாழ்ப்பாணத்தின் கணக்கே அல்ல. அதில் 4,000 மலையகத் தோட்டப் பகுதிகளுக்கு. எஞ்சிய 46,000 வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இரண்டுக்கும் சேர்த்து. சேதமடைந்த வீடுகளைத் திருத்தியதும் அதற்குள் அடக்கம்.

பதிவு மறைக்கும் பெரிய விடயம் காணி. பெரும்பாலானோருக்குக் கிடைத்தது கட்டி முடித்த வீடு அல்ல, தம் காணியில் தாமே கட்டிக்கொள்ள 5,50,000 இலங்கை ரூபாய். அதுவும் வேலை நகர நகரக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. திருத்தத்துக்கு 2,50,000. சீமெந்தும் மேசன் கூலியும் ஏற, பலர் நகையை அடகு வைத்துத்தான் கூரை போட்டார்கள். காணி இல்லாதவர் எங்கே அத்திவாரம் வெட்டுவது? நகரத்தில் அறை எடுத்துச் சீவிக்கும் கூலித் தொழிலாளிக்கும், உறவினர் வளவில் ஒதுங்கியிருக்கும் குடும்பத்துக்கும் அந்தத் திட்டம் எட்டவில்லை.

“வெளிநாடு போனவர்களின் வீடுகள் பூட்டித்தானே கிடக்கின்றன” என்றும் அதே பதிவு சொல்கிறது. கிடக்கின்றன, உண்மைதான். ஆனால் அவை தனியார் சொத்து. உரிமையாளர் விரும்பினால்தான் கதவு திறக்கும். திறந்தாலும் அந்த வாடகை நாட்கூலிக்குக் கட்டாது. இல்லாதவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று எழுதுவது பெரிய அநியாயம். அந்தப் பதிவை அனுப்பியவர்கள் தயவுசெய்து இதையும் அனுப்புங்கள்.