குணா குகைக்குள் இறங்கி நடித்தார்களா?

"மஞ்ஞும்மல் பாய்ஸ் நடிகர்கள் கொடைக்கானல் குணா குகைக் குழிக்குள்ளேயே இறங்கி நடித்தார்கள். கேட்டுப் பாருங்கள், நம்மையும் விடுவார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2024-இல் வந்த அந்தப் படத்தின் குகை உட்புறக் காட்சிகள் கேரளத்தின் பெரும்பாவூரில் போட்ட செட்டில் எடுக்கப்பட்டவை. ஈரப் பாறை, வழுக்கும் பாசி எல்லாமே கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி குழுவின் கைவேலை. நடிகர் ஸ்ரீநாத் பாசி குழியில் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்தால் செட் என்று நம்பவே முடியாது. அது அவர் நடிப்புக்குக் கிடைத்த வெற்றி. படக்குழுவின் பேட்டிகளிலேயே இந்த விவரம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். 1991-இல் வந்த 'குணா' படத்துக்குக் கொடைக்கானல் குகையில்தான் படப்பிடிப்பு நடந்தது என்பது சரி. பெயரும் அதனால் வந்ததுதான்.

ஆனால் குழிப் பக்கம் இன்று யாருக்கும் அனுமதி இல்லை. வேர்கள் பின்னிக் கிடக்கும் சோலைத் தரையைத் தாண்டினால் இரும்பு வேலி. பாறை இடுக்கைச் சருகு மூடியிருக்கும், மூடுபனியில் காலடியே தெரியாது. படத்துக்கு அடிப்படையான 2006 சம்பவத்தில் இளைஞர் விழுந்தது இங்கேதான். சந்தேகமிருந்தால் கொடைக்கானல் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.