பட்டப்பகலில் வந்து அளந்தால் என்ன கேட்கும்?

ராத்திரி 2 மணி. மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே காற்றாலையின் இறக்கை உஷ்... உஷ்... உஷ்... வினாடிக்கு ஒன்றாக, எவனோ வானத்தில் அரிவாள் தீட்டுகிற மாதிரி. தலையணையைக் காதில் அமுக்கினாலும் அடுத்தது எப்போது வரும் என்று மனசு எண்ண ஆரம்பித்துவிடுகிறது.

புகார் கொடுத்தேன். சத்தத்தை அளக்க வந்தார்கள். எப்போது தெரியுமா? நண்பகல் 12 மணிக்கு! கருவியை நீட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் வரம்புக்குள்தான் சார் இருக்கு" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அட, பகலில் கீழேயும் காற்று அடிக்கும், மரம் சலசலக்கும், வண்டி ஓடும். அதில் இது அமுங்கிப்போகும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் கீழே காற்று செத்துவிடும். நூறு மீட்டர் உயரத்தில் மட்டும் ஜோராக வீசும். அங்கே இறக்கை முழு வேகத்தில் சுற்ற, இங்கே அதை மறைக்க ஒரு சத்தமும் இருக்காது. நெதர்லாந்தில் வான் டென் பெர்க் என்பவர் 2004-லேயே இதை அளந்து எழுதிவிட்டார். அப்புறம் அவர்கள் போடும் சராசரி டெசிபல் கணக்கு! ஏறி ஏறி இறங்குவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. சராசரி எடுத்தால் அது எங்கே தெரியும்?

இதில் என் சொந்தக்காரர்கள் வேறு. காற்றாலையால் புற்றுநோய் வரும் என்று தினம் ஒரு ஃபார்வர்டு. 2019-ல் ட்ரம்ப் மேடையில் அடித்துவிட்டது இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இறக்கையின் நிழல் வெட்டினால் வலிப்பு வருமாம். பெரிய காற்றாலையில் நிழல் வினாடிக்கு ஒரு தடவை வெட்டினாலே அதிகம். வலிப்பு அபாயம் வினாடிக்கு மூன்றுக்கு மேல் போனால்தான். சாயங்காலம் சுவரில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி விழும்போது பேப்பர் படிக்க முடியவில்லை என்பதுதான் என் பிரச்சினை. ஜெர்மனியில் அதற்கும் வருடத்துக்கு 30 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் வாயைத் திறந்தாலே, "ஓ, நீங்களும் அந்தக் கேன்சர் கோஷ்டியா?" என்கிறார்கள்.

படித்தவர்கள் இன்னும் மோசம். "காற்றாலையிலிருந்து வரும் காதுக்கு எட்டாத ஒலியால் ஒன்றும் ஆகாது, எல்லாம் மனப்பிரமை." சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். காற்றாலை பற்றிப் பயமுறுத்தும் வீடியோவைக் காட்டினால், ஒலியே இல்லாதபோதும் ஆட்களுக்குத் தலை சுற்றுகிறது என்று நியூசிலாந்தில் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் நான் எட்டாததைப் பற்றியா கேட்டேன்? எட்டுவதைப் பற்றித்தானே! கனடா அரசு 1,238 பேரிடம் ஆய்வு நடத்தி 2014-ல் முடிவு சொன்னது: தலைசுற்றல், ஒற்றைத் தலைவலி எதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் சத்தம் கூடக்கூட எரிச்சல் கூடுகிறது.

அந்த எரிச்சல்தான் ஐயா நான்!

காற்றாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரிப் புகைக்கு இது எவ்வளவோ மேல். ராத்திரி வந்து அளங்கள், தேவைப்பட்டால் இரவில் வேகத்தைக் குறையுங்கள், அவ்வளவுதான். "அவசியம் இரவு 2 மணிக்கு வரவும்" என்று அடிக்கோடு போட்டு மறுபடி எழுதினேன். நேற்று பதில் வந்தது. வருகிறார்களாம்.

புதன்கிழமை, காலை 11.30-க்கு.