பைதானைக் காணவில்லை என்றால் முதல் வரியைப் பாருங்கள்

"அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை." லினக்ஸ் இயங்குதளத்தில் பைதான் மொழி நிரல் ஓட்டுபவர்களை இந்த ஒரு வரி படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. பட்டியலிட்டால் பெயர் வருகிறது, திறந்தால் திறக்கிறது, ஓட்டினால் மட்டும் இல்லை என்கிறது. காணாமல் போனது உங்கள் கோப்பு அல்ல. அதன் முதல் வரி கைகாட்டும் இன்டர்பிரிட்டர், அதாவது நிரலைப் படித்து ஓட்டும் பைதான் மென்பொருள். '#!' என்று தொடங்கும் அந்த வரியைப் படித்து, அதில் சொல்லியிருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வேலை. அங்கே ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று மட்டும் சொல்லும். எது இல்லை என்று சொல்லாது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்களில் பேஷ் பரவாயில்லை, 'பேட் இன்டர்பிரிட்டர்' என்று துப்பாவது கொடுக்கும். டேஷ் என்ற இன்னொரு ஷெல் 'நாட் ஃபவுண்ட்' என்று கைவிரித்துவிடும்.

பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதி முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் பதிப்பில், எண் இல்லாத வெறும் 'பைதான்' கட்டளை தானாக வரவில்லை. முதல் வரியில் அந்தப் பெயரை வைத்திருக்கும் பழைய நிரல்கள் அங்கே இதே பிழையில் முட்டிக்கொள்ளும். ரெட் ஹேட் என்ற இன்னொரு லினக்ஸ் 2019-இலேயே தன் 8-ஆம் பதிப்பில் அப்படிச் செய்துவிட்டது. அன்று எழுந்த வசவுகள் இன்னும் ஓயவில்லை. நான் அந்தக் கட்சியில் இல்லை. செய்தது சரி என்பேன். 2-க்கு எழுதிய நிரலை 3-இடம் கொடுத்தால் திரையில் எழுதும் பிரிண்ட் வரியில் உடனே பிழை காட்டும், அது நல்லது. வகுத்தலில்தான் வம்பு. ஏழை இரண்டால் வகுத்தால் பழையது 3 என்றது, புதியது 3.5 என்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. சம்பளக் கணக்கையோ சரக்கு இருப்பையோ இப்படி ஒரு நிரல் மாற்றிப் போடுவதற்கு, அது ஓடாமலே கிடக்கலாம்.

எனக்கு எரிச்சல் இந்தப் பிழைக்கு ஊர் சொல்லும் வைத்தியத்தின் மேல்தான். எங்கள் புளோக்கில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, உபுண்டு 22.04 போட்ட பழைய மடிக்கணினியோடு வந்தான். "அங்கிள், கட்டளை தட்டும் டெர்மினல் திறக்கவே மாட்டேன் என்கிறது." எங்கோ படித்துவிட்டு, 'பைதான்3' என்ற பெயரையே புதிதாக நிறுவிய 3.11-க்குத் திருப்பிவிட்டிருக்கிறான். உபுண்டுவின் டெர்மினலைத் தொடங்கிவைப்பதே ஒரு சிறு பைதான் நிரல். அது கேட்கும் துணை நூலகம் 3.10-க்கென்று கட்டப்பட்டது. பெயர் வேறு பதிப்பைக் காட்டியதும் நூலகம் கிடைக்கவில்லை, டெர்மினலும் வரவில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத்திரைக்குப் போய், பெயரைப் பழையபடி 3.10-க்குத் திருப்பினோம். உடனே திறந்தது.

வாடகை வீட்டின் சுவரை உரிமையாளரைக் கேட்காமல் இடிப்போமா? 'யூஎஸ்ஆர் பின்' அடைவில் இருக்கும் பைதான்3 இயங்குதளத்தின் சொத்து. வேறு பதிப்பு வேண்டுமானால் பக்கத்தில் நிறுவி, 'பைதான்3.11' என்று எண்ணோடு அழையுங்கள். வெறும் 'பைதான்' என்ற பெயர் இல்லாததுதான் சிக்கல் என்றால், உபுண்டுவிலும் டெபியனிலும் 'பைதான்-இஸ்-பைதான்3' என்று ஒரு பொதியே உண்டு. ஒரு பெயரை இன்னொரு கோப்புக்குக் கைகாட்டும் சிம்லிங்க்கைக் கையால் போடுவதைவிட அது மேல். பின்னால் நீக்குவதும் எளிது. நிரல் உங்களுடையது என்றால் அதுவும் வேண்டாம். முதல் வரியில் 'பைதான்' என்ற பெயரோடு 3 என்ற ஓர் எண்ணைச் சேருங்கள், போதும்.

முதல் வரி சரியாக இருந்தும் பிழை வருகிறதா? கோப்பு விண்டோஸிலிருந்து வந்ததா என்று பாருங்கள். சமூக மன்றத்தில் வார இறுதியில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அங்கே பாதித் தொல்லை இதுதான். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைக்கிறது. கெர்னல் அதையும் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு, வால் முளைத்த பைதானைத் தேடுகிறது. 'ஃபைல்' கட்டளையிடம் கேட்டால் 'சிஆர்எல்எஃப்' என்று காட்டிக்கொடுக்கும். 'டாஸ்2யூனிக்ஸ்' என்ற கருவி ஒரு நொடியில் வாலை வெட்டிவிடும்.

ஒரு திட்டத்துக்கென்று தனியாக உருவாக்கும் பைதான் சூழலான வென்வ் அடைவை வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் இதே பிழைதான். அதற்குள் இருக்கும், நூலகங்களை நிறுவும் பிப் முதலானவற்றின் முதல் வரியில் பழைய முகவரி முழுதாகப் பதிந்திருக்கும். ஒட்டுப்போடாதீர்கள், அழித்துவிட்டு, தேவைப்பட்டியலை வைத்துப் புதிதாக உருவாக்குங்கள்.

அலுவலகத்தில் பைதான் 2 நிரல் இன்னும் கிடக்கிறது என்பவர்கள் அதற்காகப் பழைய இன்டர்பிரிட்டரைத் தேடி அலையாமல், மாற்றி எழுத நாள் குறியுங்கள். 2-க்கு எழுதியதை 3-க்கு மாற்ற உதவிக்கு இருந்த '2டு3' கருவியையும் 2024-இல் வந்த 3.13 பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாற்றும்போது வகுத்தல் வரும் வரிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். அதை '2டு3' கூட உங்களுக்காகச் செய்ததில்லை.