ரிங் முனையை உள்ளே மடக்கச் சொன்னது பயமுறுத்தலா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் எழும்பும் கட்டடத்தில், தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் முனையை உள்ளே மடக்க வேண்டும், இல்லாவிட்டால் பூகம்பத்தில் தூண் தாங்காது என்று நான் எழுதினேன், அதன்கீழ் வாக்குவாதம் எழுந்தது. "பாலக்காட்டில் எங்கே பூகம்பம் வருகிறது? இன்ஜினியர் பயமுறுத்திப் பிழைக்கப் பார்க்கிறார்" என்று ஒப்பந்ததாரர் எழுதியதற்கு விருப்பக்குறி இட்டவர்களில், என்னிடம் வீட்டுப் படம் வரைந்து வாங்கிப் போனவர்களும் இருக்கிறார்கள். அது வலிக்கிறது.

நான் சொன்னது ஒன்றுதான். தரைத்தளத்தில் கார் நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் நிறுத்தி, மேலே மூன்று தளங்களைச் செங்கல் சுவரால் நிரப்பினால், நிலம் அதிரும்போது மேல்தளங்கள் விறைத்து நிற்க, அசைவு அத்தனையும் கீழ்த்தூண்களின் மீதே விழும். அந்தத் தூண்களிலேயே ரிங் முனைகளை 90 பாகைக்கு மடக்கி விட்டிருக்கிறார்கள். தூண் இழுபட்டு மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அப்படி மடக்கிய ரிங் திறந்துகொள்ளும். பிறகு நெடுங்கம்பிகள் வெளிப்புறமாகப் பிதுங்கும், நடுவிலுள்ள கான்கிரீட் நொறுங்கும். பூகம்பத்தைத் தாங்கும்படி கம்பி கட்டுவதற்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 13920 கேட்பது, முனையை 135 பாகைக்கு மடக்கித் தூணின் உட்புறமாகத் திருப்பி, மடக்கிற்கு அப்பால் குறைந்தது 65 மில்லிமீட்டர் விடவேண்டும் என்பதே. தூணின் இரு முனைகளிலும் ரிங்குகளுக்கிடையே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. அங்கே நான் என் கையால் அளந்தபோது ஒரு சாண் இருந்தது.

மாணவனாக இருந்தபோது, 2000 டிசம்பர் 12 அன்று கேரளத்தின் ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் ரிக்டர் அளவில் 5 ஆகப் பதிவான அதிர்வைப் பற்றி விடுதியில் இரவு முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் 26ஆம் தேதி குஜராத்தில் புஜ் பூகம்பம் வந்தது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில், தரைத்தளம் திறந்திருந்த அடுக்குமாடிகள் பல சரிந்தன. எங்கள் பேராசிரியர் காட்டிய படமொன்றில், மேல்தளத்து ஜன்னல் கண்ணாடி உடையாமல் இருக்க, அந்தத் தளம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தது. இன்றும் ஒரு தூணைப் பார்த்தால் என் கண் முதலில் ரிங் முனைக்குத்தான் போகிறது.

"இங்கே வராது" என்பவர்களுக்கு: நாட்டைப் பூகம்ப மண்டலங்களாகப் பிரிக்கும் தரவிதியான ஐ.எஸ். 1893, 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் கேரளம் முழுவதையும் மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது, பக்கத்துக் கோயம்புத்தூரையும் அப்படியே. 1900 பிப்ரவரி 8 அன்று அதே கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுக்கு அதிர்வு வந்தது. மகாராஷ்டிரத்தின் லாத்தூரிலும், 1993 செப்டம்பரில் பூகம்பம் வரும்வரை, வராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். "தாத்தா கட்டிய ஓட்டு வீடு நிற்கிறதே" என்கிறார்கள். அது ஒற்றைத் தளம், அதோடு இதை ஒப்பிடவே முடியாது. "செலவு யார் கொடுப்பது?" என்ற கேள்விக்கு மட்டும் நான் கோபப்படமாட்டேன், கடன் வாங்கிக் கட்டுபவரின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் முனையை மடக்கும் கோணத்தை மாற்ற ஆகும் செலவு, ரிங்குக்கு ஓரிரு அங்குலக் கம்பியும் கொஞ்சம் கூலியும்தான்.

கம்பி கட்டும் தம்பிகளை நான் குறை சொல்லவே இல்லை. அவர்களில் ஒருவர் என்னிடம், "யாரும் சொல்லித் தரலையே அண்ணா, இப்படித்தான் எல்லா சைட்லயும் கட்டறோம்" என்றார். சொல்லித் தரவேண்டியவர்கள் என்னைக் கேலி செய்துகொண்டிருக்கிறார்கள். நாளை மேல்தளத்தில் வாடகைக்கு வரப்போகும் குடும்பம் கம்பியைப் பார்த்தா முன்பணம் கொடுக்கும்? பலகை அடித்துக் கான்கிரீட் போட்டுவிட்டால் அந்த ரிங்கை எவராலும் பார்க்க முடியாது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். தரைத்தளத் தூண்களுக்கு அடுத்த வாரம்தான் கான்கிரீட் என்கிறார்கள். அதற்குள் ரிங்குகளைப் பிரித்து மாற்றிக் கட்டட்டும், அசைவு முழுவதும் தூண்கள் மீதே விழாதபடி தரைத்தளத்தில் நீளம், அகலம் என இரு திசையிலும் கான்கிரீட் சுவர்கள் சேர்ப்பதற்கு வடிவமைப்பாளரிடம் புதுப் படம் கேட்கட்டும். சரிபார்க்க நான் வருகிறேன், காசு வேண்டாம்.