ஒரே நொதியைப் பார்த்துக் குளிர் தாங்கும் கோதுமையைச் சொல்லிவிட முடியுமா?

‘விதையில் ஒரு நொதியின் வகையைச் சோதித்தால் போதும், எந்தக் குளிர்காலக் கோதுமை உறைபனியைத் தாங்கும் என்று தெரிந்துவிடும்’ என ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

முழுக் கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது. ஒரே வேலையைச் செய்யும் நொதிக்கும் ரகத்துக்கு ரகம் சற்றே மாறுபட்ட வடிவங்கள் உண்டு. குளிர் தாங்கும் ரகங்களில் ஒரு வடிவம் அதிகம் தென்பட்டாலும், அதுவே காரணம் என்று ஆகிவிடாது. குளிர் தாங்க உண்மையில் உதவும் பக்கத்து மரபணுவோடு ஒட்டிவரும் வெறும் அடையாளமாகவும் இருக்கலாம்.

குளிர் தாங்கும் திறன் பல மரபணுக்களின் கூட்டு வேலை. கோதுமையில் முக்கியமான சில, 5ஏ எனப்படும் குரோமோசோமில் உள்ளன. அங்குள்ள சிபிஎஃப் மரபணுக்கள் குளிர் பட்டதும் வேறு பல மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன.

அப்புறம், செய்தி அடியோடு மறந்த விஷயம்: இந்தத் திறன் விதையில் தயாராக இருப்பதில்லை. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் சில வாரங்கள் இருந்தபிறகே பயிர் சர்க்கரையைச் சேர்த்து, செல் சவ்வின் கொழுப்பை மாற்றிப் பழகுகிறது. பழகாத கோதுமை, நல்ல ரகமே ஆனாலும், மைனஸ் 5 டிகிரி வாக்கிலேயே பட்டுப்போகலாம். நன்கு பழகிய, கோதுமையின் உறவான ரை தானியப் பயிரோ மைனஸ் 25 டிகிரியையும் தாங்கும். இடையில் சூடு வந்தால் பழக்கம் கலைந்துவிடும்.

அதனால்தான் பயிர் ஆய்வாளர்கள் இன்றும் நாற்றுகளைப் பழக்கி, உறையவைத்து, பிழைத்தவற்றை எண்ணுகிறார்கள்.