டெம்பரேச்சர் முள் ஏறாவிட்டால் இன்ஜினுக்கு நல்லதா? இல்லை

"இன்ஜின் மாற்றிய டீசல் வண்டியில் டெம்பரேச்சர் முள் கீழேயே நின்றால் நல்லது, தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிடுங்கள், ஆயுள் கூடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை (குளிர்விக்கும் நீரை) ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வு. பெரும்பாலான டீசல் இன்ஜின்கள் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் ஓடச் செய்யப்பட்டவை. எப்போதும் அதற்குக் கீழேயே ஓடினால் டீசல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும், தேய்மானம்தான் கூடும்.

முதலில் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள், பழைய மீட்டரும் புது இன்ஜினின் சென்சாரும் ஒத்துப்போகாமல் தப்பாகக் காட்டுவது சகஜம். அப்புறம், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, விசிறியில் கை படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்: பல இன்ஜின்களில் அது முதலிலிருந்தே மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும், அல்லது உள்ளே இல்லவே இல்லை. சரியான திறப்பு வெப்பநிலை அந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.